டோமுக்குள் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி

கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடும் எங்கள் தொழிலில் மூச்சு விட முடிகிற மாதங்கள் இரண்டுதான், ஆடியும் மார்கழியும். ஆடியில் அந்தமான் கடல் கொந்தளித்துக் கிடக்கும். அதனால் எனக்குக் கடல் என்றாலே மார்கழி. அப்படிப்பட்ட இரண்டு மார்கழிகளையும், கூடவே 1,58,500 ரூபாயையும் தொலைத்தேன். காரணம், டோம் போர்ட்டுக்கு, அதாவது தண்ணீருக்குள் கேமராவைக் காக்கும் கூட்டின் முன்புற வளைந்த கண்ணாடிக்கு, உள்ளே லென்ஸின் முன்னால் திருகுகிற ஒரு சின்னக் கண்ணாடி வில்லை. முதல் வருடம் அது இல்லாமல் போனேன். இரண்டாம் வருடம் தப்பான பவரில் போட்டுக்கொண்டு போனேன். கேட்க ஆள் இல்லை. தெரிந்த கேமராக்காரர்களுக்குக் கடல் தெரியாது, தெரிந்த டைவர்களுக்கு லென்ஸ் தெரியாது. என்னைப் போல வீட்டில் இருக்கும் லென்ஸை வைத்தே கடலுக்குள் படம் எடுத்துவிடலாம் என்று கிளம்பும் ஒருவருக்கு இது போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2021-ல் புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டேன். கையோடு என் கேனான் 5டி மார்க் 3-க்குப் பொருந்துகிற பழைய அலுமினிய ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு) ஒன்று ஆறு அங்குல டோமுடன் விலைக்கு வந்தது. விற்றவர், "உங்க 24-105 இதுக்குள்ள தாராளமா போகும் சார்" என்றார். போகத்தான் செய்தது. 24 மில்லிமீட்டரில் இருந்து 105 வரை ஸூம் ஆகிற, கல்யாண மண்டபத்தில் என் கையும் காலுமாக இருக்கிற லென்ஸ் அது. மாலை மாற்றுவதும் அதில்தான், மேளக்காரர் கன்னம் உப்புவதும் அதில்தான். கடலுக்குள்ளும் அது கைகொடுக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அந்த மார்கழியில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போனேன். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவு. முதல் டைவ் நீமோ ரீஃப். ஆழம் அதிகமில்லை, வெயில் நேராகத் தரைக்கு இறங்குகிறது, கடல்சாமந்திக்குள் கோமாளி மீன்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. நான் டோமை நீட்டிப் பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் முன்னும் பின்னும் தேடியது, ஒரு முனையில் போய் நின்றது, மறுபடி தேடியது. கர், கர் என்று அந்தச் சுழற்சி ஹவுசிங் வழியாக உள்ளங்கையில் தெரிந்தது. ஃபோகஸ் கிடைத்ததும் எரிகிற பச்சைப் புள்ளி எரியவே இல்லை. பின்னால் நகர்ந்தேன், அப்போதும் இல்லை. தூரத்தில் போகும் டைவரைக் குறிவைத்தேன், அங்கேயும் இல்லை. மூன்று நாளில் ஆறு டைவ். 1,100 படம் எடுத்து வந்ததில் தெளிவென்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. நல்ல வெயிலில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11-ல் எடுத்த சில படங்கள் மட்டும் தபால்தலை அளவுக்குப் பார்த்தால் பரவாயில்லை போல இருந்தன. டோம் உட்புறம் ஆவி படிந்திருக்குமோ, ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் போய்விட்டதோ, என் கைதான் நடுங்குகிறதோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். அறையில் லென்ஸைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தை எடுத்தேன். முள் முனை வரை துல்லியம். பிறகு தண்ணீருக்குள் மட்டும் என்ன ஆகிறது? அந்தக் கேள்வியோடு 52,000 ரூபாய் செலவில் ஊர் திரும்பினேன்.

கிளம்புகிற அன்று படகுத்துறையில் எங்கள் டைவ் வழிகாட்டித் தம்பி வந்தான். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் தமிழ். "அண்ணா, டோமுக்கு உள்ள லென்ஸ்ல குளோஸ்-அப் ஃபில்டர் போட்டிருக்கீங்களா? வெளிநாட்டுக்காரங்க சில பேரு போடுவாங்க, பார்த்திருக்கேன்" என்றான். எனக்கு அது விளங்கவில்லை. குளோஸ்-அப் ஃபில்டர் என்றால் தாலியை, மெட்டியை, மருதாணி விரலைக் கிட்டத்தில் எடுக்கப் போடுவது. பரந்து கிடக்கும் கடலை எடுக்கிற அகலக் கோணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. நாற்பது தாண்டியதும் அப்பா தினசரியைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் படித்தாரே, பிறகு கண் மருத்துவர் பிளஸ் கண்ணாடி எழுதிக்கொடுத்தாரே, கிட்டத்தட்ட அதே கதைதான். தண்ணீரும் டோமின் வளைவும் சேர்ந்து, வெளியே இருக்கும் காட்சி முழுவதையும் சுருக்கி, டோமுக்குச் சற்று முன்னால் ஒரு பொய்ப் பிம்பமாக நிறுத்திவிடுகின்றன. லென்ஸ் பார்ப்பது கடலை அல்ல, அந்தப் பிம்பத்தை. நூறு அடி தள்ளி இருக்கும் பாறைகூட லென்ஸுக்கு ஒரு முழத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அவ்வளவு கிட்டத்தில் பார்க்கத் தெரியாத லென்ஸுக்குப் படிக்கிற கண்ணாடி மாட்டிவிட வேண்டும். பவர் அளவும் அதேதான். மூக்குக் கண்ணாடியில் +2 என்று எழுதும் அதே டயாப்டர் கணக்கைத்தான் குளோஸ்-அப் ஃபில்டரின் விளிம்பிலும் பொறிக்கிறார்கள்.

இவ்வளவு விவரம் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாம் பயணம் பிழைத்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்தது. ஃபில்டர் வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. 77 மில்லிமீட்டரில் +1, +2, +4, +10 என்று நான்கு வில்லைகள் அடங்கிய உறை ஒன்றை வாங்கினேன். பவர் கூடினால் நல்லது என்று நினைத்தேன். +10 மிகையாகத் தோன்றியது, ஆகவே +4. விடுதி அறையில் ஹவுசிங்குக்குள் எல்லாம் மாட்டி, டோமுக்கு முன்னால் அரைச் சாண் தூரத்தில் ஒரு சிப்பியை வைத்துப் பார்த்தேன். வரி வரியாகத் தெரிந்தது. எதிர்ச்சுவர் மட்டும் கலங்கல். யாரோ எங்கோ சொன்ன வாக்கியம் நினைவில் இருந்தது: காற்றில் கலங்கும், தண்ணீருக்குள் போனால் தெளிந்துவிடும். அதை நம்பினேன். அந்த வாக்கியம் பொய்யில்லை. டோமுக்குப் பொருத்தமான பவர் போட்டிருந்தால் அப்படியேதான் நடக்கும். ஏனென்றால் காற்றில் டோம் அந்தப் பொய்ப் பிம்பத்தை உண்டாக்குவதில்லை, தண்ணீரில்தான் உண்டாக்குகிறது. ஆனால் பவர் மிஞ்சிவிட்டால் தண்ணீருக்குள்ளும் தூரம் தெளியாது. கரையில் நின்று பார்த்தால் சரியான பவரும் கலங்கலாகத்தான் தெரியும், தப்பான பவரும் கலங்கலாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அறைச் சோதனையால் முடியாது. எனக்கு இதைத்தான் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் மார்கழி, ஜானீஸ் கார்ஜ். ஆழமான இடம் என்பதால் அதற்காகவே அட்வான்ஸ்டு பயிற்சியும் முடித்திருந்தேன். கீழே இறங்கியதும் ஒரு பாறை மடிப்பில் சிங்க மீன். டோமை அருகே கொண்டுபோனேன், பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு வருடமாகக் காத்திருந்த புள்ளி. மூச்சு விட வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே கத்தினேன். பிறகு பாரகுடா மீன் கூட்டம் வந்தது. வெள்ளி வெள்ளியாக ஒரே திசையில் தலை வைத்து, ஒரு சுவர் மெல்லத் திரும்புவது போலத் திரும்பியது. வெளிச்சம் குறைவென்று எஃப்/4-க்குத் திறந்து, ஸூமை 35-க்குத் தள்ளி, ஐம்பது அறுபது படம் எடுத்திருப்பேன். பின்திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. படகேறிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. சிங்க மீனின் முதுகு முள் ஒவ்வொன்றும் தெரிகிறது. பாரகுடா ஒன்றுக்குக்கூடக் கண் இல்லை, வெள்ளித் தீற்றல்தான். இன்னொன்றும் கவனித்தேன். வெயிலைப் பார்த்து எடுத்த படங்களில், நீலத்துக்கு நடுவே மங்கலாக ஏதோ எழுத்து மிதந்தது. உற்றுப் பார்த்தால் ஃபில்டர் விளிம்பில் வெள்ளையாக அச்சடித்திருந்த +4-ம் அதன் கூட இருந்த எழுத்துகளும் டோமின் உட்புறத்தில் பிரதிபலித்துக் கண்ணாடி எழுத்தாக விழுந்திருந்தன.

அடுத்த டைவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்ததை இப்போதும் நினைத்தால் மனசு ஆறுவதில்லை. ஃபில்டரைக் கழற்றிவிடுவோம் என்று, ஆடும் படகில், ஈரக் கையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஹவுசிங்கைத் திறந்தேன். துண்டால் துடைத்தேன். வில்லையைக் கழற்றினேன். மூடினேன். வழிகாட்டித் தம்பி, "அண்ணா, கரைக்குப் போய்த் தொறக்கலாமே" என்று ஒரு தடவை சொன்னான். நான் கேட்கவில்லை. இரண்டாவது இறக்கத்தில் ஆறு மீட்டர் போயிருப்போம். டோமின் அடியில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கீறலோ என்று விரலால் தடவினேன். ஹவுசிங்கைச் சாய்த்தேன். கோடு சாயவில்லை, மட்டமாகவே நின்றது.

தண்ணீர்மட்டம் அது. டோமைக் கீழ்நோக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குக் கையசைத்துக் காட்டி, அவசரப்படாமல் மேலே வந்தோம். டோமைக் கீழே பிடித்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். தண்ணீர் முழுக்க டோமில் தேங்கியதால் கேமரா உடல் தப்பியது. லென்ஸ் அரை டம்ளர் உப்புத் தண்ணீரில் மூக்கு முங்கிக் கிடந்தது. பேட்டரியை உடனே உருவினேன். ஹவுசிங்கின் ஓ-ரிங்கை, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, எடுத்துப் பார்த்தால் அதன் மேல் குறுக்காக ஒரு நூல். துண்டில் இருந்து பிரிந்த, அரை விரல் நீள வெள்ளை நூல். ஃபோன் செய்து சொன்னபோது என் மனைவி, "என்னங்க, கேமரா போனாப் போகுது, நீங்க மேல வந்துட்டீங்கல்ல" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பயணம் 58,000. லென்ஸைப் பிரித்துப் பார்த்தவர் சொன்ன செலவு பழைய லென்ஸ் ஒன்றின் விலைக்கே வந்ததால், வேறொரு பழைய 24-105 வாங்கினேன், 38,000. அது கைக்கு வருவதற்குள் தை பிறந்துவிட்டது. ஆறு முகூர்த்தத்துக்கு வாடகை லென்ஸ், நாளுக்கு ஆயிரம். கேமரா உடலைத் திறந்து சுத்தம் செய்ததற்கு 4,500. முதல் பயணத்தின் 52,000-ஐயும் சேர்த்தால் தொடக்கத்தில் சொன்ன தொகை வரும். ஒரு சீசனில் கையில் நிற்கிற பணத்தில் பெரும்பகுதி அது.

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு உட்கார்ந்து அளந்தேன். இதைப் படிக்கிறவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இந்த வேலைதான், ஒரு ஸ்கேலும் ஒரு தாளும் போதும். டோமின் வாய் அகலம் முக்கியமில்லை, வளைவின் ஆரம்தான் முக்கியம். ஆறு அங்குல டோம் என்றால் ஆரம் மூன்று அங்குலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல டோம்கள் அரைக்கோளமாக இருப்பதில்லை, பெரிய கோளத்தில் இருந்து வெட்டிய துண்டாக இருக்கும். டோமைக் கவிழ்த்து, வாயின் பாதி அகலத்தையும் நடுவில் எவ்வளவு ஆழம் என்பதையும் எடுங்கள். என் டோமில் பாதி அகலம் 7.6 சென்டிமீட்டர், ஆழம் 5.5. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, ஆழத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். எனக்கு 8 சென்டிமீட்டர் வந்தது. இதை மூன்றால் பெருக்குங்கள், 24. கடலின் எல்லையில்லாத் தொலைவு எனக்கு டோமிலிருந்து 24 சென்டிமீட்டரில் நிற்கிறது. மற்ற எல்லாம், மீனும் பாறையும் டைவரும், அந்த 24-க்குள்ளே அடைந்து கிடக்கின்றன. கண்ணாடியின் தடிமனால் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், பாதகமில்லை.

அடுத்தது லென்ஸ். 24-105-ன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 45 சென்டிமீட்டர். இங்கேதான் நான் பல நாள் தடுமாறினேன். அந்த 45 லென்ஸின் முன் கண்ணாடியில் இருந்து அளப்பதில்லை, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் இருந்து அளப்பது. லென்ஸ் நீளமும், அது கேமராவில் பூட்டும் மவுண்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளியும் சேர்ந்து 15 சென்டிமீட்டர். கழித்தால் லென்ஸின் முன்னால் 30. டோம் உச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் இடையில் என் ஹவுசிங்கில் ஐந்தரை. ஆக, கடலின் கடைக்கோடி லென்ஸ் முனையில் இருந்து 29.5 சென்டிமீட்டரில் இருக்கிறது, என் லென்ஸோ 30-க்கு உள்ளே பார்க்காது. முதல் மார்கழியில் கடல் மொத்தமும் என் லென்ஸின் குருட்டு எல்லைக்குள் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 1,100 படங்களுக்கும் பதில் அந்த அரை சென்டிமீட்டர்தான்.

இனி ஃபில்டர். நூறை டயாப்டர் எண்ணால் வகுத்தால், லென்ஸ் எவ்வளவு தூரம் வரை பார்க்க முடியும் என்பது சென்டிமீட்டரில் வரும். +2 போட்டால் 50, +3 போட்டால் 33, +4 போட்டால் 25. எனக்குக் கடைக்கோடி 29.5-ல் இருப்பதால் +2-ம் +3-ம் அதைத் தொட்டுவிடும். +4 தொடாது. கணக்குப்படி +4-ல் என் பார்வை டோமில் இருந்து சுமார் 16 சென்டிமீட்டரில் தொடங்கி 1.4 மீட்டரில் முடிந்துவிடும். சிங்க மீன் உள்ளே, பாரகுடா வெளியே. எஃப்/11-க்கு மூடி ஸூமை 24-லேயே வைத்திருந்தால் ஆழப் புலம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், ஓரளவு காப்பாற்றியிருக்கும். நானோ எஃப்/4-க்குத் திறந்து 35-க்கும் போயிருந்தேன். +1 போட்டால் சுமார் 90 சென்டிமீட்டரில் இருந்து கடைக்கோடி வரை, +2 போட்டால் 40-ல் இருந்து, +3 போட்டால் 24-ல் இருந்து. எனக்கு வேண்டிய +2 அந்த நாலு வில்லை உறையில், பிரிக்காத காகிதத்தோடு, இரண்டாம் பயணம் முழுக்க என் பைக்குள்ளேயே இருந்தது.

கணக்கை மட்டும் நம்பி மறுபடி விமானம் ஏற மனம் வரவில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் மாமா வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, பத்தடி நீளம், இடுப்பளவுத் தண்ணீர். தினசரி காலண்டர் தாள்கள் சிலவற்றை லேமினேஷன் செய்து, செங்கல்லில் கட்டி, தொட்டிக்குள் டேப் வைத்து அளந்து 25, 40, 100, 200 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். காலண்டர் தாள் இதற்கு ரொம்ப நல்லது. தேதி பெரிய எழுத்து, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பொடி எழுத்து. பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் ஃபோகஸ் சரி. மாமா தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, "என்ன மாப்ள, தண்ணிக்குள்ள நல்ல நேரம் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவரே தாள்களைத் தள்ளித் தள்ளி வைத்துக் கொடுத்தார். ஃபில்டர் இல்லாமல் ஒரு தாளும் படிக்கவில்லை. +4-ல் ஒரு மீட்டர்த் தாள் படித்தது, இரண்டு மீட்டர்த் தாள் கலங்கியது. +2-ல் 40-ல் இருந்து மேலே எல்லாம் படித்தது. தாளில் போட்ட கணக்கு தண்ணீரில் அப்படியே நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பத்தடித் தொட்டியில் கடைக்கோடித் தூரத்தைச் சோதிக்க முடியாது. தொட்டியில் இரண்டு மீட்டர் தெளிந்துவிட்டது என்பதற்காகக் கடலில் பத்து மீட்டர் தெளியும் என்று இருந்துவிட வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கணக்குதான் சொல்லும், லென்ஸ் முனையில் இருந்து கடைக்கோடி வரை உள்ள தூரத்தை, எனக்கு 29.5-ஐ, தாண்டிக் கொஞ்சம் மிச்சம் இருக்கிற பவராக எடுங்கள்.

தொட்டியிலேயே இன்னும் சிலது தெரிந்தது. +1-ஐயும் +2-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினால் +3 ஆகும்தான், ஆனால் ஸூம் 24-ல் நாலு மூலையும் இருண்டுவிட்டது. வில்லையின் புடைத்த பக்கம் வெளியே, டோமைப் பார்த்து இருக்க வேண்டும். விலை குறைந்த ஒற்றை வில்லையில் படத்தின் ஓரங்களில் ஊதாவும் சிவப்புமாக நிற விளிம்பு வந்தது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லையில் அது வெகுவாகக் குறையும். கேனான் 500டி என்று ஒன்று 77-ல் +2 பவரில் உண்டு. அதே பெயரில் ஒரு கேமராவும் இருப்பதால் தேடும்போது குளோஸ்-அப் லென்ஸ் என்று சேர்த்துத் தேடுங்கள். எனக்குப் பழையது ஒன்று 8,500-க்குக் கிடைத்தது. தடிமன் என்பதால் 24-ல் மூலை நுனி லேசாகக் கருக்கும், 28-க்குப் போனால் சரியாகிவிடுகிறது. விளிம்பு எழுத்துகளைக் கறுப்பு மார்க்கரால் இரண்டு தடவை பூசி அழித்தேன். 24-105 ஸூம் செய்தால் முன்னால் நீளும் லென்ஸ். கூடவே ஃபில்டரும் முன்னேறி டோமின் உட்புறத்தை நெருங்கும். எதுவரை பத்திரம் என்று டோமைக் கழற்றி வைத்து அளந்து, 50-க்கு மேல் போகாமல் ஸூம் வளையத்தில் டேப் சுற்றிவிட்டேன்.

மூலைகள் பற்றிக் கேட்பீர்கள். டோம் உண்டாக்கும் பிம்பம் தட்டையாக இல்லை, கிண்ணம் போல வளைந்திருக்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலை நழுவும். ஃபில்டர் போட்டதால் இது முழுக்கத் தீர்ந்துவிடாது, எஃப்/8, எஃப்/11 என்று மூடித்தான் சமாளிக்க வேண்டும், பெரிய டோமில் தொல்லை குறைவு. இன்னொன்று, டோமுக்கு வெளியே தண்ணீரில் மாட்டுகிற குளோஸ்-அப் லென்ஸ் வாங்கிக்கொள் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அதெல்லாம் தட்டைப் போர்ட்டுக்குத்தான், டோமின் வளைவு மேல் வேலை செய்யாது. இப்போதுதான் லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஃபில்டரே தேவைப்படாத வழியைப் பாருங்கள். கேனான் 8-15 மீன்கண் லென்ஸ் சென்சாரில் இருந்து 15 சென்டிமீட்டர் வரை கிட்டத்தில் பார்க்கும், டோம் பிம்பம் அதற்குச் சுலபம். 16-35 எஃப்/4-கூட 28 வரை வரும். நான் 24-105-ஐ விடாததற்கு ஒரே காரணம், அது எனக்குச் சோறு போடும் லென்ஸ், இன்னொன்று வாங்கக் கையில் இல்லை.

மூன்றாம் மார்கழி, 2023 டிசம்பர். ஹவுசிங்கை முந்தின நாள் ராத்திரி அறையில், மின்விசிறியை நிறுத்தி, கை கழுவிக் காயவைத்து, ஓ-ரிங்கை டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து மூடினேன். மூடியதைப் படகில் திறப்பதில்லை என்று தம்பியிடமே சொல்லி வைத்தேன். காலையில் படகில் ஏறியதும் வழக்கம் போல வியூஃபைண்டரில் கடல் கலங்கலாகத்தான் தெரிந்தது. இந்த முறை பதறவில்லை. அதே ஜானீஸ் கார்ஜ். எஃப்/8, ஸூம் 28. பாரகுடா வர இருபது நிமிடம் ஆனது. பாறைக்குப் பின்னால் இருந்து முதல் தலை தெரிந்தது, பிறகு சுவர் முழுதும் வந்தது. பச்சைப் புள்ளி நின்று எரிந்தது. எட்டுப் படம்தான் எடுத்தேன், பிறகு கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பெரிதாக்கிப் பார்த்ததில் முன்வரிசை மீன்கள் அத்தனைக்கும் கண் இருந்தது, கண்ணுக்குள் கறுமணியும் தெரிந்தது.

போன வாரம் வழிகாட்டித் தம்பி ஃபோன் செய்தான். அவனும் பழைய ஹவுசிங் ஒன்று வாங்கியிருக்கிறான், எட்டு அங்குல டோம். "அண்ணா, என்ன பவர் போடணும்?" என்றான். டோமைக் கவிழ்த்துப் பாதி அகலமும் ஆழமும் அளந்து அனுப்பு, லென்ஸ் முனையிலிருந்து டோம் உச்சி எவ்வளவு என்றும் பார்த்துச் சொல் என்றேன். முதல் இரண்டு எண்கள் வந்துவிட்டன. மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன்.